குழந்தைக்கு எங்க காது குத்தலாம்? கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை தனியா போய்ப் பாருங்க

[கேமராவுக்குக் கிட்ட ஒரு சின்ன கவர்]

இந்தக் கவரைக் கொஞ்சம் நல்லா பாருங்க. ஒரு பக்கம் பேப்பர், இன்னொரு பக்கம் பிளாஸ்டிக், உள்ள ஒரே ஒரு ஊசி. ஓரத்துல சின்னதா ஒரு பட்டை தெரியுதா, ஆட்டோகிளேவ்னு பிரஷர் குக்கர் மாதிரி ஒரு மெஷின் இருக்கு, அதுக்குள்ள நீராவியில வெந்து வந்தாதான் அந்தப் பட்டை கலர் மாறும். குழந்தைக்கு எங்க காது குத்துறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் இப்பல்லாம் போர்டைப் பார்க்குறது இல்ல, இந்தக் கவர் அங்க இருக்கா, அதை என் கண்ணு முன்னாடி கிழிக்கிறாங்களான்னுதான் பார்க்குறேன்.

இது பட்டுத்தான் தெரிஞ்சது. என் பெரிய பொண்ணுக்கு ஒரு நகைக்கடையில குத்தினோம். ஏசி, சோஃபா, குழந்தைக்கு பலூன் எல்லாம் கொடுத்தாங்க, நானும் நல்ல இடம்னு நம்பிட்டேன். டிராயரைத் திறந்து காது குத்துற ஒரு கன் எடுத்தாங்க, பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு ஒரு துடை, டக்குனு அடிச்சாங்க, முடிஞ்சுது. பின்னாடி இருக்கிற மூடியை நல்லா இறுக்கி வேற விட்டுட்டாங்க. மூணாவது நாள் காதோட கீழ்ப்பக்கச் சதை, அந்தச் சோணை வீங்கி முன்பக்கக் கல்லு பாதி சதைக்குள்ள போயிருச்சு. டாக்டர்கிட்ட போய்தான் எடுத்தோம். அவ அழுதது இன்னும் என் காதுல இருக்கு, அதனாலதான் இவ்வளவு விவரமா சொல்றேன்.

[திரையில்: கன், ஊசி, பக்கத்துல பக்கத்துல]

கன்னுக்கும் ஊசிக்கும் என்ன வித்தியாசம்? கன்னுல ஸ்பிரிங் இருக்கும், அது தோட்டோட முனையை வேகமா சதைக்குள்ள தள்ளும். தோட்டு முனை ஊசி அளவுக்குக் கூர்மை கிடையாது, அதனால சதையை நசுக்கிக் கிழிச்சுட்டுதான் உள்ள போகும். ஊசி கூரா வெட்டிட்டுப் போகும், சதை கம்மியாதான் அடிபடும். அடுத்து சுத்தம். பழைய மாடல் கன்னுல பிளாஸ்டிக் இருக்கும், ஆட்டோகிளேவ்ல போட்டா உருகிடும், அதனால வெறுமனே துடைச்சுட்டு அடுத்த குழந்தைக்கு எடுப்பாங்க. துடைக்கிறது வேற, கிருமி நீக்கம் வேற. ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி சூட்டுல குறைஞ்சது 15 நிமிஷம் வைக்கணும். ரத்தம் மூலமா பரவுற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியில காய்ஞ்ச இடத்துல கூட 7 நாள் உயிரோட இருக்கும், பஞ்சுல ஒரு துடை துடைச்சா அது போயிருச்சுன்னு எப்படி நம்புறது?

அதுக்காக கன்னுன்னாலே எல்லாம் மோசம்னு சொல்ல மாட்டேன். இப்போ சில இடத்துல தோடும் அதைப் பிடிக்கிற பாகமும் சேர்ந்தே சீல் பண்ணின கேசட்ல வருது, ஒரு காதுக்கு ஒண்ணு, குத்தினதும் தூக்கிப் போட்டுடுவாங்க, காதுல படுற எதுவும் இன்னொருத்தர் மேல பட்டிருக்காது. சோணைக்கு மட்டும்னா இது பரவாயில்ல. மேல் காது, அந்தக் குருத்தெலும்பு இருக்கிற இடம், அதுக்குக் கன்னே வேண்டாம், யார் சொன்னாலும் வேண்டாம். அங்க ரத்த ஓட்டம் கம்மி, கிருமி புகுந்தா லேசுல அடங்காது, காதோட வடிவமே மாறிடும். 2000-ல அமெரிக்காவோட ஒரிகான் மாநிலத்துல நகை விக்கிற ஒரு சின்ன கியாஸ்க் கடையில மேல் காது குத்திக்கிட்டவங்களுக்கு வரிசையா சூடோமோனாஸ் கிருமி தொத்துச்சு, சிலருக்கு ஆபரேஷன் வரைக்கும் போச்சு. விசாரிச்சப்போ அந்தக் கிருமி எங்க இருந்துச்சு தெரியுமா, சுத்தம் பண்றதுக்குன்னு வச்சிருந்த ஸ்ப்ரே பாட்டில்லயே! அதனால பாட்டில் மேசையில இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு நிம்மதியாகிடாதீங்க.

சரி, எங்கதான் போறது. கைக்குழந்தைன்னா நான் குழந்தை டாக்டர்கிட்ட, இல்லன்னா தோல் டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் முடிவு பண்ணுவேன், சுத்தத்துக்கு அங்க பயமில்ல. ஆனா எல்லா டாக்டரும் காது குத்த மாட்டாங்க, வருஷத்துக்கு ரெண்டு பேருக்குக் குத்துறவருக்கு ரெண்டு காதையும் சமமா குத்துற கண்ணு இருக்கணும்னு இல்ல, அதனால எத்தனை குழந்தைக்குக் குத்தியிருக்கீங்கன்னு கேட்டுடுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க. பியர்சிங் ஸ்டூடியோவுல கை பழகியிருக்கும், ஊசிதான் எடுப்பாங்க, ஆனா ரொம்ப சின்னக் குழந்தைன்னா சில பேர் முடியாதுன்னுடுவாங்க. முடியாதுன்னு சொல்றவங்க மேல எனக்கு மரியாதைதான் கூடும்.

எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு நாள் குழந்தை இல்லாம தனியா போங்க. குழந்தை மடியில அழுதுட்டு இருக்கும்போது யாராலயும் கேள்வி கேட்க முடியாது, சங்கடத்துலயே தலையாட்டிடுவோம், நான் அப்படித்தான் ஆட்டினேன். தனியா போனா உக்காந்து வேற யாருக்காவது குத்துறதைப் பார்க்கலாம். கை கழுவுறாங்களா, புது கிளவ்ஸ் போடுறாங்களா, போட்ட கிளவ்ஸோட போனை எடுக்குறாங்களா? ஊசி புதுசா, முடிஞ்சதும் ஊசி வெளிய குத்தாத மாதிரி கெட்டியான மூடின டப்பாவுல போடுறாங்களா? கருவியை எப்படி ஸ்டெரைல் பண்றீங்கன்னு கேளுங்க. நல்ல இடத்துல அவங்களே சந்தோஷமா மெஷினைக் காட்டுவாங்க. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க"ன்னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க.

[திரையில்: காதுல பேனா பொட்டு]

பொட்டு வைக்கிறதையும் பாருங்க, இது பலர் கவனிக்காத விஷயம். குழந்தை நேரா உக்காந்திருக்கும்போது முன்னாடி இருந்து பார்த்துதான் பொட்டு வைக்கணும், படுக்க வச்சா சோணை ஒரு பக்கமா சரியும். எல்லாருக்கும் ரெண்டு காதும் ஒரே மாதிரி இருக்காது, அதனால அளவை மட்டும் நம்பாம கண்ணால பார்த்து சரி பண்றவர்தான் கைகாரர். ஓட்டை ரொம்பக் கீழ போயிட்டா பின்னாடி கனமான கம்மல் போடும்போது இழுத்து இழுத்து சோணை கிழியுற வரைக்கும் போகும். உங்களுக்குத் திருப்தி இல்லன்னா அழிச்சுட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்க, பத்து தடவைன்னாலும் பரவாயில்ல.

தோடு விஷயத்துல பயப்பட வேண்டியது நிக்கல். அரிப்பு, தண்ணி வடியுறதுக்கெல்லாம் பல நேரம் இதுதான் காரணமா இருக்கும். சர்ஜிக்கல் ஸ்டீல்னு பெருமையா சொல்ற 316எல்லயும் நிக்கல் இருக்கு. இம்பிளான்ட் கிரேடு, அதாவது உடம்புக்குள்ள வைக்கிற தரத்துல இருக்கிற டைட்டானியம் நல்லது, இல்லன்னா நிக்கல் கலக்காத தங்கம். முலாம் பூசினது வேண்டவே வேண்டாம், தேய்ஞ்சா அடியில இருக்கிற உலோகம் புண்ணுல படும். கம்பி கொஞ்சம் நீளமா இருக்கணும், வீங்கினாலும் இடம் வேணும்ல, எங்க வீட்டுல நடந்தது அதனாலதான். பின்பக்கம் தட்டையா திருகாணி வச்சதுன்னா கழண்டு குழந்தை வாய்க்குள்ள போற பயமும் கம்மி.

எந்த வயசுன்னா, தடுப்பூசி, முக்கியமா டெட்டனஸ் சேர்ந்தது, ரெண்டு மூணு டோஸாவது முடியட்டும். மூணு மாசத்துக்குள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அந்த நேரத்துல ஒரு புண்ணை நாமளே ஏன் உண்டாக்கணும். குடும்பத்துல யாருக்காவது தழும்பு தடிச்சு வளர்ற கீலாய்டு இருந்தாலோ, குழந்தைக்கு இதயத்துல பிரச்சனை, ரத்தம் உறையுறதுல பிரச்சனை இருந்தாலோ டாக்டர் சொல்லாம போகாதீங்க. மரத்துப் போற கிரீமும் அவர்கிட்ட கேட்டுத்தான், கைக்குழந்தைக்கு அளவு மீறினா ரத்தத்துல ஆக்சிஜனே குறையும்.

குத்தின பிறகு சோணை ஆற 6-ல இருந்து 8 வாரம், அதுவரைக்கும் தோட்டைக் கழட்டாதீங்க. சுத்தம் பண்ண ஸ்டெரைல் சலைன், அதாவது கிருமி நீக்கின உப்புத் தண்ணி, 0.9 சதவீதம், அது போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் ஆறுற சதையையே எரிச்சுடும், தோட்டைத் திருப்பித் திருப்பி விடுறதும் வேண்டாம். சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ நீங்களே தோட்டைக் கழட்டாம டாக்டர்கிட்ட போங்க, கழட்டினா ஓட்டை மூடி உள்ளயே சீழ் கட்டிக்கும்.

சின்னவளுக்குப் போன வருஷம் குத்தினோம், நாலு வயசு, அவளே கேட்டா. ரெண்டு இடம் பார்த்து வேண்டாம்னு வந்து மூணாவதா போன இடத்துல அந்தம்மா கவரை அவ கையிலயே கொடுத்து கலர் மாறியிருக்கான்னு நீயே பார்த்துச் சொல்லுன்னாங்க. ரெண்டு பேர் ரெண்டு பக்கம் நின்னு ஒரே நேரத்துல குத்தினாங்க. ஒரு காது முடிஞ்சதும் பயந்து ஓடுற குழந்தைங்களுக்காகவே அப்படிப் பண்றாங்களாம். அந்தக் கவரை அவ வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டா, ஆரம்பத்துல காட்டினேனே, அதே மாதிரிதான் அதுவும்.