உயிலில் எழுதி வைக்க முடியாத சொத்து

நேயர்களுக்கு வணக்கம்.

நம்பிக்கையைப் பற்றி என்னிடம் பேச வரும் பெற்றோர் இரண்டு வகை. "வீட்டில் அன்றாடம் வழிபாடு நடக்கிறது, பிள்ளையோ கடவுளே இல்லை என்கிறான்" என்று மனம் நொந்து வருபவர்கள் ஒரு வகை. "எந்த மூடநம்பிக்கையும் அண்டாமல் வளர்த்தேன், மகள் இன்று விரதம் இருக்கிறாள்" என்று குமுறுபவர்கள் இன்னொரு வகை. இந்த இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் சண்டை மூண்டுவிடும். ஆனால் இருவர் கேட்பதும் ஒன்றுதான்: எங்கே பிசகியது?

நான் எந்தப் பக்கம் என்பதை இன்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் வானொலியை அணைத்துவிடுவீர்கள். மீதிப் பேர் நான் சொல்வதையெல்லாம் யோசிக்காமலே ஒப்புக்கொள்வீர்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயம்.

வளர்ப்புக்கும் மத நம்பிக்கைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு, அதில் விவாதமே இல்லை. உலகில் பெரும்பாலோர் பிறந்த வீட்டின் மதத்திலேயே இருக்கிறார்கள். எல்லா மதங்களையும் ஆராய்ந்து பார்த்ததில், அப்பா அம்மாவின் மதமே உண்மையானது என்று தெரியவந்ததாம்! எவ்வளவு பெரிய தற்செயல், பாருங்கள். நாத்திகர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். மதமே நுழையாத வீட்டில் வளர்ந்த ஒருவர், "என் சொந்தச் சிந்தனையால் இந்த முடிவுக்கு வந்தேன்" என்று சொல்லும்போதும் எனக்கு இதே சிரிப்புதான் வருகிறது. அவரும் வீட்டில் கிடைத்ததைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கடத்தப்படுகிறதா என்பதை விட்டுவிடுவோம். எப்படிக் கடத்தப்படுகிறது, சில வீடுகளில் ஏன் கடத்தப்படாமல் போகிறது, அதுதான் நெடுங்காலமாக என்னைப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி.

பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிருமி, ஆக்சிஜன் போன்றவற்றையும், கடவுள் போன்றவற்றையும் பற்றிச் சிறு பிள்ளைகளிடம் கேட்டார்கள். எதையும் பிள்ளைகள் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் பெரியவர்கள் சொல்லித் தெரிந்தவை. ஆனாலும் கிருமி இருக்கிறது என்பதில் பிள்ளைகளுக்கு இருந்த உறுதி, கடவுள் விஷயத்தில் சற்றுக் குறைவாகவே இருந்தது. கவனியுங்கள், கடவுளை நம்பாத பிள்ளைகள் அல்ல இவர்கள். நம்புகிறார்கள். உறுதியில்தான் வித்தியாசம்.

ஏன் இப்படி? நாம் பேசும் விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "கிருமி இருக்கிறது, நம்பு" என்று எந்தத் தாயாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "கையைக் கழுவு, கிருமி ஒட்டியிருக்கும்" என்பாள், அவ்வளவுதான். கிருமி இருப்பது பேச்சுக்கு அடியில் கிடக்கிறது, யாரும் அதைத் தூக்கிக் காட்டுவதில்லை. கடவுளைப் பற்றிச் சொல்லும்போதுதான் "நம்ப வேண்டும்" என்ற சொல் வந்துவிடுகிறது. நம்பச் சொல்கிறார்கள் என்றால் நம்பாதவர் யாரோ எங்கோ இருக்கிறார் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் நம் வாக்கியங்களை நம்மைவிட நன்றாகப் படிக்கிறார்கள்.

இதே பேச்சு நாத்திக வீட்டுக்கும் பொருந்தும். நாள்தோறும் சாப்பாட்டு மேசையில் "கடவுள் இல்லை, கடவுள் இல்லை" என்று அடித்துச் சொல்லும் அப்பா, வீட்டில் வேறு எதையும்விட அதிகமாகக் கடவுளைத்தான் பேசுபொருளாக்குகிறார். கடவுளைப் பற்றிய பேச்சே இல்லாத வீட்டில்தான் கடவுள் ஒரு கேள்வியாகக்கூட எழுவதில்லை.

பேச்சு ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு செயலுக்கு. பாலம் உறுதியானது என்று கரையில் நின்றபடி சொல்பவரை நாம் நம்புவதில்லை. அவர் தன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அதில் நடந்தால் நம்புகிறோம். ஜோசப் ஹென்ரிச் என்ற மானிடவியலாளர் 2009இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். ஒருவர் தன் நம்பிக்கைக்காகத் தன் கையிலிருந்து எதையாவது இழக்கிறாரா, நேரத்தையோ பணத்தையோ வசதியையோ விட்டுக்கொடுக்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவர், குறிப்பாகப் பிள்ளைகள், அந்த நம்பிக்கையை ஏற்கிறார்கள் என்றார். வாய் மலிவு. கை சொல்வதுதான் எடுபடும்.

இப்போது என் பிரியமான கதைக்கு வருகிறேன். இந்தத் தலைப்பில் எங்கே பேசினாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் மில் என்று ஒருவர். கிறிஸ்தவப் போதகராவதற்கு முறையாகப் பயின்றவர். பிறகு நம்பிக்கை இழந்தார். 1806இல் பிறந்த தன் மகனை, பின்னாளில் தத்துவ அறிஞராகப் புகழ்பெற்ற ஜான் ஸ்டூவர்ட் மில்லை, மதமே இல்லாமல் வளர்த்தார். மகன் பின்னாளில் எழுதினார்: மத நம்பிக்கையை உதறியவர்கள் பலர் உண்டு, அதைப் பெற்றிருக்கவே இல்லாத மிகச் சிலரில் நான் ஒருவன் என்று. இந்த மில், வயதான காலத்தில், ஆம்பர்லி பிரபு என்ற நண்பருக்குப் பிறந்த ஒரு குழந்தைக்கு ஞானத்தந்தையாக, அதாவது கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு நியமிக்கும் காப்பாளரைப் போல, இருக்கச் சம்மதித்தார். சடங்கு எதுவும் இல்லாத ஞானத்தந்தை! குழந்தை பிறந்தது 1872இல். முதல் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போதே மில் இறந்துவிட்டார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் பெரிய தத்துவ அறிஞராகவும் நாத்திகராகவும் பெயர்பெற்ற பெர்ட்ரண்ட் ரசல்.

ஆம்பர்லி தம்பதியும் மத நம்பிக்கை அற்றவர்கள். 1874இல் தாய் இறந்தார், 1876 ஜனவரியில் தந்தையும் இறந்தார். தந்தை முன்யோசனை உள்ளவர். பிள்ளைகள் மதத்தின் பிடியில் சிக்கக் கூடாது என்று, நாத்திகர்கள் இருவரைப் பாதுகாவலர்களாக நியமித்து உயில் எழுதி வைத்திருந்தார். உயில் நிலைத்ததா? இல்லை. தாத்தாவும் பாட்டியும் நீதிமன்றம் போய் அந்த ஏற்பாட்டை மாற்றிப் பேரன்களைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாத்தா முன்னாள் பிரதமர். எதிர்த்து நிற்பவர் யார்? அவரும் 1878இல் இறந்துவிட, பிள்ளையை வளர்த்தது பாட்டிதான். கண்டிப்பான, ஆழ்ந்த பக்தியுள்ள பாட்டி.

ஆக, நாத்திகனாக வளர வேண்டும் என்று தந்தை எழுதிவைத்த பிள்ளை, வழிபாடும் கட்டுப்பாடுமாக வளர்ந்தது. பதினைந்து பதினாறு வயதில் ரசலுக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் யாரிடம் சொல்வது? ஒரு நோட்டுப் புத்தகத்தில், கிரேக்கப் பாடம் எழுதுவதுபோல் கிரேக்க எழுத்துகளில் ஆங்கிலத்தை எழுதி, தன் சந்தேகங்களை ஒளித்து வைத்தான் அந்தப் பையன். பிறகு பதினெட்டு வயதில் ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. மில்லின் தன்வரலாறு! அதில் ஒரு வரி: "என்னைப் படைத்தவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது, உடனே கடவுளைப் படைத்தவர் யார் என்ற கேள்வி எழும்" என்று தன் தந்தை கற்றுத்தந்ததாக மில் எழுதியிருந்தார். மூல காரணம் ஒன்று வேண்டும், அதுவே கடவுள் என்ற வாதத்தை ரசல் அன்றோடு விட்டார். நீதிமன்றம் ரத்து செய்த ஏற்பாட்டை, இறந்துபோன ஞானத்தந்தை புத்தகம் வழியாக நிறைவேற்றிவிட்டார்.

இங்கே நிறுத்தினால் நாத்திகர்கள் கைதட்டுவார்கள். ஆனால் பாட்டியை விட்டுவிட முடியுமா? அவர் பேரனுக்கு ஒரு பைபிளைப் பரிசளித்து, அதன் முகப்பில் தனக்குப் பிடித்த வசனங்களை எழுதிக்கொடுத்தார். அவற்றில் ஒன்று, தீமை செய்யக் கூட்டத்தின் பின்னால் போகாதே என்பது. முதல் உலகப் போரின்போது நாடே போர் வெறியில் இருக்க, ரசல் எதிர்த்து எழுதி 1918இல் சிறைக்குப் போனார். சிறுபான்மையில் நிற்க அஞ்சாததற்கு அந்த வசனம் துணைநின்றது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். பாட்டி கொடுத்த கடவுள் தங்கவில்லை. பாட்டியின் முதுகெலும்பு தங்கிவிட்டது.

கதை இன்னும் முடியவில்லை. ரசலும் மனைவி டோராவும் 1927இல் தாங்களே ஒரு பள்ளி தொடங்கி, தங்கள் பிள்ளைகளை மதபோதனை இல்லாமல் அங்கே வளர்த்தார்கள். மகள் கேதரின் வளர்ந்து என்ன ஆனார்? கிறிஸ்தவரானார். அவருடைய கணவர் போதகரானார். குடும்பத்தோடு உகாண்டாவுக்கு ஊழியத்துக்குப் போனார்கள். தந்தையைப் பற்றி அவர் 1975இல் எழுதிய நூலில், அப்பாவின் உள்ளத்தில் ஒரு காலத்தில் கடவுள் இருந்த இடம் காலியாகவே கிடந்தது, அதை நிரப்ப அவருக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை என்கிறார். தந்தை உயிரோடு இருந்திருந்தால் இதற்கு நான்கு பக்கம் மறுப்பு எழுதியிருப்பார். எனக்கு முக்கியம் அதுவல்ல. பள்ளிக்கூடமே கட்டிப் பார்த்தும், உயிலே எழுதிப் பார்த்தும் நடக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, நாத்திகம் அடுத்த தலைமுறைக்குப் போகாது என்று யாராவது முடிவுகட்டினால் அவர்களுக்கு நம் நாட்டின் கோராவை நினைவூட்டுவேன். கோபராஜு ராமச்சந்திர ராவ் என்ற கோரா 1902இல் ஆசாரமான குடும்பத்தில் பிறந்தவர். நாத்திகத்துக்காகக் கல்லூரி வேலைகளை இழந்தவர். 1940இல் ஆந்திரத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கினார். கிரகணத்தின்போது கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்று ஊர் சொன்னபோது, கர்ப்பிணியாக இருந்த மனைவி சரஸ்வதி வெளியே வந்து கிரகணத்தைப் பார்த்தார். மகள் மனோரமாவுக்குத் தீண்டாமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்தவரை மணம் செய்துவைத்தார்கள். திருமணம் 1948இல் சேவாகிராமத்தில் நடந்தது. மகன் லவணம் உள்ளிட்ட பிள்ளைகள் பெற்றோர் வழியிலேயே நின்று மையத்தை நடத்தினார்கள். பிள்ளைகள் அங்கே வாதம் கேட்டு வளரவில்லை. வேலை போனதையும் கிரகணத்தில் வாசலில் நின்ற அம்மாவையும் பார்த்து வளர்ந்தார்கள். முன்பு சொன்ன பாலம்தான். நாத்திகரும் அதில் நடந்து காட்ட வேண்டியிருக்கிறது.

எதிரே நிலைய நண்பர் விரலை உயர்த்திக் காட்டுகிறார். இரட்டையர் ஆய்வுகளை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். ரசல் குடும்பம் அந்த நேரத்தைத் தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் முப்பது வயதைத் தாண்டிய இரட்டைச் சகோதரர்களிடம், சிறுவயதில் எவ்வளவு மத ஈடுபாடு இருந்தது, இப்போது எவ்வளவு என்று கேட்டார்கள். மரபணு முழுக்க ஒத்த இரட்டையரையும் அப்படி ஒத்திராத இரட்டையரையும் ஒப்பிட்டு, வீட்டின் பங்கையும் மரபணுவின் பங்கையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில், ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு சிறுவயதில் சுமார் 56 விழுக்காடு. வளர்ந்த பிறகு 18ஆகச் சுருங்கிவிட்டது. மரபணுவின் பங்கு 12லிருந்து 44க்கு ஏறியது. 2005இல் வந்த முடிவு இது. மரபணுவில் ஏதோ ஒரு மதம் எழுதியிருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. சுபாவம் என்று நாம் சொல்வது, வீட்டை விட்டு வெளியே வந்த பிறகு தன் வேலையைக் காட்டத் தொடங்குகிறது.

இன்னொன்று. தெற்குக் கலிபோர்னியாவில் வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர் 1970இல் தொடங்கிய ஆய்வு, ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தது. பெற்றோரின் பக்தியைவிடவும், பெற்றோரோடு, அதிலும் தந்தையோடு, பிள்ளைக்கு இருந்த நெருக்கமே மதம் கைமாறுவதில் அதிக வலுவோடு தெரிந்தது. பக்தியில் குறையே இல்லாத, ஆனால் பிள்ளையிடம் சிடுசிடுக்கும் அப்பாக்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது. பகுத்தறிவாளர் அப்பாக்களும்தான்.

தாத்தா பாட்டிகளின் பங்கைப் பற்றியும் அதே ஆய்வில் நிறையச் செய்தி உண்டு. அதற்குள் நுழைந்தால் செய்தி அறிக்கை தாமதமாகும். நிலையத்தார் மீண்டும் அழைத்தால் அதை மட்டும் தனியாகப் பேசுகிறேன். வணக்கம்.