வாசலை மறித்த 200 பெண்கள்! போர் நின்ற பிறகு அவர்களுக்கு என்ன கிடைத்தது?

மண்டபத்துக்குள் லைபீரியா போரை நிறுத்தப் பேச வந்த ஆயுதக் குழுத் தலைவர்கள். வாசலில் சுமார் 200 பெண்கள் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடிகிற வரை யாரையும் வெளியே விடுவதில்லை என்று முடிவு. 2003 ஜூலை, கானா நாட்டின் அக்ரா நகரம்.

வணக்கம், நாகர்கோவிலில் இருந்து பேசுகிறேன். கடைசி வரை பாருங்கள். முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா. 1989-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, 2003 வரை நீடித்தது. சுமார் 2,50,000 பேர் இறந்தார்கள்.

தலைநகர் மன்ரோவியாவில், மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் பெண்கள் வெள்ளை உடையில் தினமும் கூடினார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். மீன் சந்தையில் பெண்களின் குரல் எப்படி இருக்கும் என்று குளச்சல், முட்டம்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்ராவில் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனதால் அந்தக் குரல் அங்கேயும் போனது.

அங்கே தலைமை தாங்கிய லேமா குபோவியைக் கைது செய்யக் காவலர்கள் வந்தார்கள். அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். மற்ற உடையையும் இங்கேயே களைவேன் என்றார். தாய் ஸ்தானத்தில் இருக்கும் பெண் தானாக ஆடை களைவதைப் பார்ப்பது அந்தப் பகுதியில் பெரிய சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம தோள்சீலைப் போராட்டம்தான் நினைவுக்கு வந்தது. 1859-இல் திருவிதாங்கூர் அரசாணை வரும் வரை, மேலே ஒரு துணி போடும் உரிமைக்காக இதே மண்ணில் பெண்கள் அடிபட்டார்கள். இங்கே உடுத்தப் போராட்டம், அங்கே களைவேன் என்று போராட்டம். இரண்டு இடத்திலும் பெண்கள் தங்கள் உடம்பையே முன்னால் நிறுத்த வேண்டியிருந்ததை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஆகஸ்ட் 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சரி, அப்புறம்?

பக்கத்து நாடான சியரா லியோனைப் பாருங்கள். அங்கேயும் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, துப்பாக்கியை ஒப்படைத்தவர்களுக்கு மறுவாழ்வு உதவி. காட்டுக்குக் கடத்தப்பட்டு, சமைத்து, சுமை தூக்கி, கட்டாய மனைவியாக இருந்த பெண்களின் கையில் ஏது துப்பாக்கி? பெரும்பாலோர் பட்டியலிலேயே வரவில்லை. திட்டம் போட்ட மேசையில் அவர்களில் ஒருத்தி இருந்திருந்தால் இந்த விதியை முதல் நாளே மாற்றச் சொல்லியிருப்பாள். பெண்களைச் சேர்ப்பதை மரியாதைக்குச் செய்யும் காரியமாக நினைப்பவர்களிடம் நான் சண்டையே போடுவேன்.

லைபீரியா பெண்கள் சுதாரித்தார்கள். 2005 தேர்தலுக்கு முன், சந்தைப் பெண்கள் வாக்காளராகப் பதிந்துவிட்டு வரும் வரை மற்ற பெண்கள் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். எலன் ஜான்சன் சர்லீஃப் ஜெயித்தார், ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்ற முதல் பெண் அதிபர். 2007-இல் அங்கே ஐ.நா. பணிக்குப் போன, முழுக்கப் பெண்களே கொண்ட முதல் போலீஸ் படை நம் இந்தியப் படை! போரைக் கண்ட இன்னொரு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் நாடாளுமன்றத்தில் 2008-லேயே பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள்.

இலங்கையில் போர் முடிந்தது 2009-இல். உள்ளாட்சியில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது 2018-இல்தான். பெருமாள்புரம், பழவிளை இலங்கைத் தமிழர் முகாம்களில் இருந்து பார்க்கும் அக்காமாரே, ஊர் திரும்பினால் நிலம், வீடு, பள்ளிக்கூடம் இவற்றில் எந்த முடிவில் முதலில் உங்கள் பேச்சு எடுபட வேண்டும்? கமென்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.