வயிறு நிறைந்த சொல்

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத்தான் இன்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்: 'ஸேட்'. எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். வாய் கீழே வளைந்த வட்ட முகம், அதன் அடியில் மூன்றே எழுத்து. என்ன பொருள் என்று கேட்டால் 'சோகம்' என்று சட்டென்று சொல்லிவிடும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவன் இந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், 'வயிறு நிறைந்துவிட்டது, போதும்' என்று பொருள்! ஜெர்மன்காரர் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளி வைக்கும்போது இன்றைக்கும் 'ஸாட்' என்கிறார். இரண்டும் ஒரே வேர்தான். லத்தீனில் இதற்கு உறவான 'சாட்டிஸ்' என்றால் 'போதும்'. 'சாட்டிஸ்ஃபைடு' அதன் வழி வந்தது. திருப்தியும் சோகமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை முதன்முதலில் அறிந்தபோது நான் அசந்துபோனேன்.

நிறைவு எப்படித் துக்கமாயிற்று? கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் ஐந்தாவது முறை இனிப்பு விழும்போது தெவிட்டுகிறது. பிறகு அலுப்பு. எழுந்தால் உடம்பு கனக்கிறது. சொல்லும் அதே வழியில்தான் போயிற்று. கனம் வந்தபின் இரண்டாகக் கிளைத்தது: ஒன்று அசையாத உறுதி, மற்றொன்று மனப்பாரம். நாமும் 'மனசு கனக்குது' என்றுதானே சொல்கிறோம்! 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், கணவன் எத்தனை சோதித்தும் கலங்காத கிரிசெல்டாவைச் சுவரைப் போல 'ஸேட்' ஆனவள் என்று பாடினார். அது முதல் கிளை.

அந்தக் கனத்தைக் கையிலேயே தூக்கிப் பார்க்கலாம். 'ஸேட் அயர்ன்' என்ற பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றை நான் தூக்கியிருக்கிறேன், மணிக்கட்டு இறங்கிவிட்டது. நம் தெருவில் துணி தேய்ப்பவரின் பெட்டிக்குள் கரி போட இடம் இருக்கும். இதுவோ உள்ளும் புறமும் கெட்டி இரும்பு, அடுப்பின்மேல் வைத்துச் சூடாக்க வேண்டும். பிடியும் சேர்ந்து சுடும். 1871இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேரி ஃபுளாரன்ஸ் பாட்ஸ் என்ற பெண்மணி, கழற்றி மாட்டும் பிடிக்குக் காப்புரிமை பெற்றார். எத்தனை பெண்களின் கைகள் சூடுபடாமல் தப்பித்திருக்கும்! அந்தப் பெட்டியின் பெயரில் இருக்கும் 'ஸேட்' கெட்டி, கனம் என்ற பொருளில் வந்தது.

சொல் வழக்கைப் பற்றி மாணவர்களுக்கு ஒன்று. துக்க வீட்டுக்குப் போய் 'ஐ ஆம் ஸேட்' என்று சொல்லாதீர்கள். அது உங்கள் மனநிலையைச் சொல்வதாகிவிடும். 'ஐ ஆம் ஸாரி' என்றுதான் ஆங்கிலேயர் ஆறுதல் சொல்வார். 'ஸாரி' மன்னிப்புக்கு மட்டும் உரியதில்லை. வலி என்ற பொருளுள்ள பழஞ்சொல்லில் பிறந்தது அது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்தின் தொடக்கத்தில், ஒரு பெண்ணைப் புகழும் கிளாடியோவிடம், 'ஸேட்' நெற்றியோடுதான் பேசுகிறாயா என்று நண்பன் பெனெடிக் கேட்கிறான். வகுப்பில் இதைச் 'சோகமான நெற்றி' என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறாயா, விளையாடுகிறாயா என்று கேட்கிறான் அவன்.