உளுந்தளவு மீன்கொத்தி

நேயர்களுக்கு வணக்கம். பறவைகளைப் படமெடுப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். வேடந்தாங்கலில் நீர் ஏறிப் பறவைகள் இறங்கத் தொடங்கிவிட்டால், என்னிடம் வரும் முதல் கேள்வி பறவையைப் பற்றி இருக்காது. "சார், கிராப் சென்சார் வாங்கலாமா, ஃபுல் ஃபிரேம் வாங்கலாமா?" என்பதுதான் அது. இன்றைக்கு அதையே பேசிவிடுவோம்.

சென்சார் என்பது கேமராவுக்குள் பிம்பம் விழுகிற தகடு. பழைய பிலிம் ரோலின் ஒரு கட்டம் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். சென்சாரும் அதே அளவில் இருந்தால் ஃபுல் ஃபிரேம். நிக்கான், சோனி கேமராக்களின் கிராப் சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6. கேனனில் இன்னும் கொஞ்சம் சிறியது. பரப்பளவில் ஃபுல் ஃபிரேமில் பாதிகூட வராது.

அகலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம். இதை வைத்து ஒரு கணக்குச் சொல்வார்கள்: 500 எம்எம் லென்ஸைக் கிராப் கேமராவில் மாட்டினால் அது 750 ஆகிவிடுமாம். (இந்த எம்எம் எண் கூடக் கூட, லென்ஸ் தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும்.) ஆகாது. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் மாப்பிள்ளை முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால் முகம் பெரிதாகிவிடுமா? சுற்றி நின்றவர்கள் போனார்கள், அவ்வளவுதான். லென்ஸ் போடுகிற பிம்பம் இரண்டு கேமராவிலும் ஒரே அளவுதான். கிராப் சென்சார் ஓரங்களை விட்டுவிடுகிறது.

இது தெரியாமல் நானே சூடுபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், கையிலிருந்த கிராப் கேமராவை விற்று, மேலே பணம் போட்டு, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் ஒன்று வாங்கினேன். லென்ஸ் பழைய லென்ஸ்தான். வேடந்தாங்கல் கரையில் நின்று மீன்கொத்தியை எடுத்துவிட்டு வீட்டில் கணினியில் திறந்தால், நிறைய ஏரி இருந்தது, கொஞ்சம் மீன்கொத்தி இருந்தது. பெரிதாக்கினால் இறகு ஒன்றும் தெரியவில்லை, நீலமாக ஒரு மெழுகல்தான்.

ஏன் அப்படி ஆனது? கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிறு நீல மீன்கொத்தி சுமார் 16 சென்டிமீட்டர் நீளம். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 500 எம்எம் லென்ஸ் அதைச் சென்சாரின் மேல் 4 மில்லிமீட்டர் நீளமாகப் போடும். ஓர் உளுந்தின் அளவு! அந்த உளுந்துக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதுதான் விஷயம். என் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் அதன் நீளத்துக்குச் சுமார் 670 பிக்சல். 2016ல் வந்த நிக்கான் டி500 கிராப் கேமராவில் சுமார் 950. 2022ல் வந்த கேனன் ஆர்7 கிராப் கேமராவில் 1,200க்கு மேல். விலை குறைந்த கேமராவில்தான் மீன்கொத்திக்கு இறகு அதிகம்.

சரி, 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் வாங்கினால்? நிக்கான் டி850ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதியைக் கிராப் அளவுக்கு வெட்டினால் 19 மெகாபிக்சலுக்குச் சற்று மேலே கிடைக்கும். டி500 தருவது 21க்குச் சற்றுக் கீழே. அதாவது அந்தப் பெரிய கேமராவுக்குள் ஏறக்குறைய ஒரு டி500 உட்கார்ந்திருக்கிறது. தூரத்துப் பறவையென்றால் அந்த நடுப்பகுதிதான் நமக்குப் பயன்படும். மீதிக்குக் கொடுத்த காசு ஏரித் தண்ணீருக்குப் போகிறது.

"ஃபுல் ஃபிரேமில் நாய்ஸ் வராதே சார்" என்பார்கள். வெளிச்சம் குறைந்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிகிற புள்ளிகள்தான் நாய்ஸ். பிம்பம் சென்சாரை நிரப்பினால்தான் அந்தப் பேச்சு. உளுந்தை மட்டும் வெட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்த 4 மில்லிமீட்டரில் விழுந்த வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. புள்ளிபுள்ளியாகத் தெரிவதும் கிட்டத்தட்ட ஒன்றே.

அப்புறம் ஃபுல் ஃபிரேம் எதற்கு? வால்பாறைக்கு வாருங்கள். விடிந்தும் விடியாத நேரம், மரத்தடியெல்லாம் இருட்டு, 30 மீட்டரில் மலை இருவாட்சி ஒன்று கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு மீட்டர் நீளப் பறவை. அதே 500 எம்எம்மில் அதன் பிம்பம் 16 மில்லிமீட்டரைத் தாண்டும். கேமராவைக் கிடையாகப் பிடித்தால் கிராப் சென்சாரின் உயரம் 15.6தான், வாலோ அலகோ வெட்டுப்படும். ஜூமைக் குறைத்து அடக்கலாம். குறைத்தால் பிம்பம் சிறுக்கும், பறவைமேல் சேருகிற வெளிச்சமும் குறையும். இருட்டில் அது பெரிய நஷ்டம். ஃபுல் ஃபிரேமில் இருவாட்சி வாலோடு, மேலே கீழே கொஞ்சம் இலையோடு நிற்கும். கூட்டுக்குத் திரும்பும் நத்தைக்குத்தி நாரை தலைக்கு மேல் சட்டென்று இறக்கை விரிக்கும்போதும் இதே கதைதான். கட்டம் பெரிதாக இருந்தால் பறவையைத் தேடிப் பிடிப்பதும் சுலபம், இறக்கை நுனியும் தப்பும்.

ஆர்7 வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் அதன் சென்சார் பிம்பத்தை வரிவரியாக, மெதுவாகத்தான் படிக்கும். படபடவென்று அடிக்கும் இறக்கை வளைந்து பதியும். மெக்கானிக்கல் ஷட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு ஏமாற்று வேலை. ஃபுல் ஃபிரேமில் மீன்கொத்தியைப் பெரிதாகப் பதிய நீள லென்ஸ் வேண்டும். 600 எம்எம், எஃப்4 லென்ஸ், அதாவது நிறைய வெளிச்சம் விடுகிற அகல வாய் லென்ஸ், இப்போது பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும், மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும். அதைச் சுமக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையும் உண்டு, அவர்கள் முதுகை நினைத்துக் கவலையும் உண்டு. கைக்காசு குறைவென்றால் கிராப் கேமராவோடு 200-500 அல்லது 150-600 ஜூம் லென்ஸ் ஒன்று. நான் சொல்வது இதைத்தான். கேமராவைப் பழையதாகவும் வாங்கலாம். லென்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பள்ளிக்கரணையிலோ கோடியக்கரை உப்பளத்திலோ காலை ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் பூநாரையைக் குறிவைத்தால், எந்தச் சென்சாரும் உதவாது. நிலத்திலிருந்து எழும் வெக்கையில் காற்றே நெளியும், பூநாரையின் காலும் நெளியும். ஆறு மணிக்கே போய் உட்காருங்கள்.

என் ஃபுல் ஃபிரேமை நான் விற்கவில்லை. வால்பாறைக்குப் போகும்போது மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கிறேன். வேடந்தாங்கலுக்கு ஒரு பழைய டி500 வாங்கிக்கொண்டேன், ரப்பர் பிடி உரிந்ததுதான். மீன்கொத்திக்கு அது தெரியாது. வணக்கம்.