கஸ்தீனின் தலையைக் கொய்தது பாரிசின் சந்தேகமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பிரெஞ்சுப் புரட்சிப் படையின் தளபதி கஸ்தீன் பிரபுவை வீழ்த்தியது களத்தில் அவர் செய்த தவறுகளா, பாரிசின் சந்தேகமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் தமக்குத் தந்த நேரம் முழுவதும், கஸ்தீன் பிடித்து இழந்த ஜெர்மன் நகரமான ஃபிராங்க்பர்ட்டை விட்டு நகரவில்லை. அங்கேயே போய் அவரைச் சந்திக்கிறேன். பிறகு அவர் எட்டிக்கூடப் பார்க்காத வட எல்லைக்கு அழைத்துப் போகிறேன்.

முதலில் ஆள் யார்? மெட்ஸ் நகரத்துப் பிரபு. அந்தக் காலத்தில் பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் படைப் பதவி என்பது குடும்பச் சொத்து மாதிரி. ரெஜிமென்ட்டை விலைக்கே வாங்கலாம். 1781ல் வந்த செகூர் ஆணை இன்னும் மோசம்: நேரடியாக அதிகாரியாகச் சேர, தந்தை வழியில் நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்துக்குச் சான்று கேட்டது. ஆனால் கஸ்தீன் பட்டத்தை மாட்டிக்கொண்டு வெர்சாயில் உலாத்தியவர் இல்லை. ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களை எதிர்த்து நின்று, அவர்களுடைய கவாத்தையும் கட்டுப்பாட்டையும் கண்டு வியந்தவர். அமெரிக்காவுக்குப் போவதற்காகவே தம் குதிரைப்படை ரெஜிமென்ட்டை விட்டுவிட்டு, சேந்தோஞ்ச் காலாட்படையை ஏற்றார். 1781ல் அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் முற்றுகையில் நின்றார். 1789ல் மெட்ஸ் பிரபுக்களின் பிரதிநிதி. 1791 முடிவதற்குள் சுமார் 6,000 அதிகாரிகள் எல்லை தாண்டி ஓடினார்கள். இவர் ஓடவில்லை. நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஃபிராங்க்பர்ட். 1792 செப்டம்பர் கடைசியில் ஷ்பையர், அடுத்து வோர்ம்ஸ், அக்டோபர் 21ல் மைன்ஸ் கோட்டை. எல்லாம் ஒரே மாதத்துக்குள். அங்கிருந்து ரைன் ஆற்றோடு கோப்லென்சுக்கு இறங்கியிருந்தால், பிரான்சுக்குள் வால்மி களத்தில் தடுக்கப்பட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பிரஷ்யர்களின் வழியை மறித்திருக்கலாம். இவரோ ஆற்றைத் தாண்டி ஃபிராங்க்பர்ட்டுக்குப் படையை அனுப்பி, 20 லட்சம் கில்டர் தண்டம் கேட்டார். டிசம்பர் 2ல் பிரஷ்யர்களும் ஹெஸ்ஸியர்களும் நகரை மீட்டார்கள். தண்டம் கட்டிய கடுப்பில் இருந்த ஊர்மக்களும் அவர்களுக்குக் கை கொடுத்தார்கள். தவறுதான், ஐயா. மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். 1791ல் சேர்ந்த தொண்டர் படையினருக்குச் சட்டமே ஒரு சலுகை தந்திருந்தது: இரண்டு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்தால் டிசம்பர் 1ல் வீட்டுக்குப் போகலாம். எதிரியைத் துரத்தியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று எல்லாப் படைகளிலிருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள். அந்தச் சட்டத்தை எழுதியது கஸ்தீனா?

சரி, அந்தத் தவறுதான் தலையை வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். ஃபிராங்க்பர்ட் போய், 1793 வசந்தத்தில் மைன்ஸைக் காவற்படையிடம் விட்டுவிட்டுப் பின்வாங்கிய அதே மனிதரை, மே மாதத்தில் நாட்டின் மிக ஆபத்தான முனைக்கு, வடக்குப் படைக்குத் தளபதியாக அனுப்பியது யார்? பாரிசில் ஆட்சி நடத்திய இதே கன்வென்ஷன் மன்றம்! இதற்கு எதிரணி வாய் திறக்கவில்லை.

அவர் வடக்கே வந்தபோது நிலைமை என்ன? முந்தைய தளபதி தாம்பியேர் களத்தில் பட்ட காயத்தால் இறந்திருந்தார். மே 23ல் ஃபாமார் முகாம் பறிபோயிருந்தது. கோந்தே கோட்டை ஏற்கெனவே எதிரியின் வளையத்துக்குள். "முற்றுகையில் சிக்கிய வலென்சியென் கோட்டையை ஏன் மீட்கவில்லை?" என்று எதிரணி கேட்டது. முற்றுகை என்பது ஒரு வளையம் அல்ல, இரண்டு. ஆங்கிலேயத் தளபதி யார்க் கோமகனின் ஆட்கள் அகழி வெட்டிக் கோட்டையைப் பார்த்து நிற்கிறார்கள். ஆஸ்திரியத் தளபதி கோபுர்க்கின் படை வெளிப்புறம் பார்த்துக் காவல் நிற்கிறது. கோட்டையை எட்ட வேண்டுமானால், வெளியே காவல் நிற்கும் இந்தப் படையைத் திறந்தவெளியில் முறியடிக்க வேண்டும். அதற்கு நல்ல குதிரைப்படை தேவை. காலாட்படைக்கு ஆளை எடுத்துச் சில மாதங்களில் தேற்றிவிடலாம். குதிரைக்கும் குதிரை வீரனுக்கும் அது போதாது, பழக்க வேண்டிய அதிகாரிகளோ நாட்டில் இல்லை. தோற்று ஓடிவந்த கூட்டத்தை மறுநாளே அந்தச் சமவெளியில் இறக்கியிருந்தால், அதுதான் துரோகம். அவர் முகாமுக்குள் நிறுத்திக் கவாத்துக் கொடுத்தார், ஒழுங்கு மீறியவர்களைத் தண்டித்தார். ஷ்பையரில் கொள்ளையடித்த தம் வீரர்களையே சுடச் சொன்ன மனிதர் அவர். அப்படியும் படையினர் "மீசைத் தளபதி" என்று செல்லப்பெயர் வைத்து அழைத்தார்கள்.

அந்தச் செல்லம்தான் பாரிசை உறுத்தியது. காரணம் இல்லாமலும் இல்லை. 1792 ஆகஸ்டில் தளபதி லஃபாயெத் எல்லை தாண்டினார். 1793 ஏப்ரலில் இன்னொரு தளபதி துமூரியே ஒருபடி மேலே போய், தம்மை விசாரிக்க வந்த போர் அமைச்சரையும் நான்கு பிரதிநிதிகளையும் ஆஸ்திரியர்களிடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தாமும் அங்கே போய்ச் சேர்ந்தார். சூடு கண்ட பூனை பயப்படத்தான் செய்யும். ஆனால் சூடு வைத்தவர் துமூரியே. தலை போனது கஸ்தீனுக்கு! போர் அமைச்சர் பூஷோத்தோடு கடிதத்தில் மல்லுக்கு நின்றதும், தீவிரப் புரட்சியாளர்களான மராவும் எபேரும் பத்திரிகையில் தாக்கியதும் மிச்ச வேலையைச் செய்தன.

இப்போது நாட்காட்டியைத் திறப்போம். கஸ்தீன் பாரிசில் கைதானது ஜூலை 22. மைன்ஸ் சரணடைந்தது ஜூலை 23. வலென்சியென் வீழ்ந்தது ஜூலை 28. குற்றத்துக்கு முன்பே கைது! அந்த இரண்டு கோட்டைகளும் விழுந்த பழியைச் சிறையில் இருந்த மனிதர்மேல் சுமத்தி, மேல்முறையீடே இல்லாத புரட்சி நீதிமன்றத்தில் நிறுத்தி, ஆகஸ்ட் 28ல் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். மகனையும் விடவில்லை, 1794 ஜனவரியில் அவர் தலையும் போனது.

"அவருக்குப் பின் வந்த ஊஷார் பிரபு இல்லையே, அவரையும் கொன்றார்களே" என்று எதிரணி நண்பர் ஒருவர் இடையில் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவருக்கு நன்றி. ஊஷார் செப்டம்பரில் ஓந்த்ஸ்கூத்தில் ஆங்கிலேயர்களையும் ஹனோவர் படையையும் வென்றவர். நவம்பரில் அவர் தலையும் விழுந்தது. வென்றவனும் சாகிறான் என்றால் தோல்வி எப்படிக் காரணமாகும்?

மணி அடித்துவிட்டது. எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு அமர்கிறேன். கஸ்தீன் வடக்குப் படைக்கு வந்த நாளிலிருந்து கைதான நாள்வரை அங்கே அவர் தோற்ற ஒரு களப்போர், ஒன்றே ஒன்று, ஊர்ப் பெயரோடு சொல்லட்டும்.