ஆடத் தெரியாதவனும் கோணல் கூடமும்

(நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் மேடையில் விழுங்கிய இரண்டொரு வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, வாசகர் வட்டப் புரவலர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை பற்றி நாற்பது நிமிடம் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, பின்வரிசையில் கைப்பேசியை மடிக்குக் கீழே பிடித்து விளையாடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். கடைசியாகச் சொன்னவர்களை நம்பித்தான் வந்திருக்கிறேன்.

புரவலர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் நன்றி கெட்டவனாவேன். போன வருடம் வாசிப்பறைக்கு நான்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று இப்போது என் தலைக்கு மேல் சுற்றுகிறது. என் குறிப்புத் தாள்கள் பறப்பதற்கும் அவர்தான் பொறுப்பு. அதேபோல, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த அலுவலர் அம்மாவுக்கும் நன்றி. வீட்டில் ஏற்கெனவே பதினேழு பொன்னாடை இருக்கிறது.

தலைப்பைச் சொன்னபோது நூலகர் அம்மா, "வீடியோ கேமா? நூலக வாரத்திலா?" என்று கேட்டார்கள். அம்மா, நான் பேசப்போகும் ஒரு விளையாட்டில் மட்டும் எழுதப்பட்ட சொற்கள் சுமார் நாலரை லட்சம். தடிமனான நாவல் மூன்று நாலு அடுக்கி வைத்தாற்போல. ஒரு பாத்திரத்தின் வேடத்தை நாம் ஏற்று, யாரைக் காப்பாற்றுவது, யாரிடம் பொய் சொல்வது என்று நாமே முடிவெடுத்துக் கதையை நகர்த்துகிற வகை அது. ஆர்பிஜி என்பார்கள்.

மூன்று விஷயம் சொல்வேன். ஒன்று, போலந்து நாட்டில் சிடி விற்ற இரண்டு பையன்கள் உலகம் அறிந்த ஆர்பிஜி நிறுவனம் கட்டிய கதை. இரண்டு, அவர்கள் செய்த விளையாட்டுகள். மூன்று, அவர்கள் விழுந்து எழுந்தது.

அதற்கு முன் என் பழமொழி. என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், சிரியுங்கள். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். "தெரியாதவள்" என்பதுதான் வழக்கு. எல்லாப் பழியையும் பெண்ணின் தலையில் போட எனக்கு மனமில்லை, அதனால் மாற்றிக்கொண்டேன்.

சரி, போலந்து. எண்பதுகளில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. இறைச்சிக்கே வரிசையில் நிற்க வேண்டிய காலத்தில் வெளிநாட்டு கேம் கடையில் கிடைக்குமா? தலைநகர் வார்சாவில் வார இறுதிக் கணினிச் சந்தை கூடும். நகல் எடுத்த கேம்கள் அங்கே கைமாறும். அப்படி விற்றவர்களில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன், மார்ச்சின் இவின்ஸ்கி. அவனுடைய பள்ளித் தோழன் மிஹாவ் கிச்சின்ஸ்கி. 1994 பிப்ரவரியில் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் இருவரும் நேர்வழியில் கடை போட்டார்கள். முதலீடு 2,000 டாலர், ஒரு கணினி, நண்பர் வீட்டில் வாடகை இல்லாத ஓர் அறை. அமெரிக்காவிலிருந்து சிடி கேம்களை இறக்குமதி செய்தார்கள். நிறுவனத்தின் பெயர் சிடி புரொஜெக்ட்.

போலந்து திருட்டு நகல் தேசம், அங்கே எவன் காசு கொடுத்து வாங்குவான் என்பதுதான் வெளிநாட்டுக் கம்பெனிகளின் நினைப்பு. கூடம் கோணலாம்!

இவர்கள் கூடத்தைத் திட்டவில்லை. கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்த பால்டர்ஸ் கேட் என்ற ஆர்பிஜியை எடுத்தார்கள். ஐந்து சிடி, மலை மலையாக வசனம். முழுவதையும் போலிஷ் மொழியில் பெயர்த்தார்கள். அதோடு நிற்காமல் நாட்டின் பெரிய நடிகர்களைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். கதை சொல்லும் குரல் பியோத்ர் ஃப்ரொன்செவ்ஸ்கி. குழந்தைகள் படமொன்றில் விசித்திரமான வாத்தியாராக நடித்து ஒரு தலைமுறையையே வளர்த்த குரல் அது. பெட்டிக்குள் வரைபடம், விதிமுறைப் புத்தகம், இசை சிடி எல்லாம் வைத்தார்கள். சந்தையில் நகல் விற்பவன் ஐந்து சிடியைத்தான் பிரதி எடுக்கலாம், பெட்டியை எப்படி எடுப்பான்? 1999இல் வெளியான முதல் நாளே 18,000 பிரதிகள் கடைகளுக்குப் போயின.

அந்த விளையாட்டில் ஆறு பேர் வரை கூட்டாகப் போகலாம். ஊரை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் எல்லாரும் எல்லைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒருவன் பின்தங்கினாலும் ஃப்ரொன்செவ்ஸ்கியின் கணீர்க் குரல் கேட்கும்: "பயணம் புறப்படும் முன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்." இருபத்தைந்து வருடம் தாண்டியும் போலந்துக்காரர்கள் இந்த வாக்கியத்தை வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் குலதெய்வக் கோயில் பயணம்தான் நினைவுக்கு வந்தது. காலை ஐந்து மணிக்கு வேன் என்று பேச்சு. நாலே முக்காலுக்கு வேன் வந்துவிட்டது, அதுவே ஒரு கெட்ட சகுனம் என்றார் சித்தப்பா. ஐந்து மணிக்குப் பதினொரு பேர் ஏறிவிட்டோம். பெரியம்மா இன்னும் பூ கட்டிக்கொண்டிருக்கிறார். அவரைக் கூப்பிடப் போன அத்தை காப்பி குடிக்க உட்கார்ந்துவிட்டார். அத்தையைக் கூப்பிட என் தம்பி இறங்கினான். தம்பி எங்கே என்று பார்க்க அவன் மனைவி இறங்கினாள். பெரியம்மா பூவோடு வந்து ஏறும்போது வேனுக்குள் இருந்தது நானும், ஆட்டுக்குட்டியும், ஓட்டுநரும்தான். "எங்கடா எல்லாரும்? அஞ்சு மணின்னு சொன்னா அஞ்சு மணிக்கு வர வேண்டாமா?" என்றார் பெரியம்மா. ஆட்டுக்குட்டி மட்டும் பதில் சொன்னது. கிளம்பும்போது ஆறே முக்கால். அந்தப் போலிஷ் நடிகரை அழைத்து வந்து எங்கள் தெருமுனையில் நிறுத்தியிருக்கலாம்.

சிரித்தீர்கள், நன்றி. ஆனால் கவனியுங்கள், ஆங்கிலத்தில் இதே வரியைக் கேட்டிருந்தால் ஒரு நாடே மனப்பாடம் செய்திருக்குமா? தாய்மொழியில், பழகிய குரலில் வந்ததால்தான் வீட்டுப் பேச்சானது.

இப்போது என் வயிற்றெரிச்சலைச் சொல்ல அனுமதி வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் கைப்பேசி விளையாட்டு ஒன்றைத் தமிழாக்கச் சொல்லி எனக்கு எக்செல் கோப்பு அனுப்பியது. படம் கிடையாது, யார் யாரிடம் பேசுகிறார் என்ற குறிப்பு கிடையாது. வாடா என்று எழுதுவதா, வாருங்கள் என்று எழுதுவதா? கேட்டு நாலு முறை எழுதினேன், பதில் இல்லை. "பேக்" பொத்தானுக்கு நான் "பின்செல்" என்று கொடுத்ததை யாரோ "முதுகு" என்று திருத்தியிருந்தார்கள். சமநிலையில் முடிந்த ஆட்டத்தை ஆங்கிலத்தில் "டிரா" என்பார்கள், அதற்கு "வரை" என்று போட்டார்கள். விளையாடிய பையன் வரைவதற்குத் தாள் தேடியிருப்பான். கடைசியில், தமிழில் ஆள் விளையாடுவதில்லை, தமிழ்ப் பதிப்பை நிறுத்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல். கூடம் கோணல்! போலந்தின் மக்கள்தொகை நாலு கோடிக்குள்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு மட்டும் ஏழு கோடியைத் தாண்டிவிட்டது.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தொழிலைக் கற்றவர்கள் 2002இல் வூச் நகரத்தில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ தொடங்கினார்கள். எழுதிப் பார்த்தால் லோட்ஸ் போல இருக்கும், வூச் என்றே சொல்ல வேண்டும். முதலில் செய்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு பதிப்பாளர்களிடம் போனார்கள், யாரும் சீண்டவில்லை. வூச் அலுவலகத்தை மூடி வார்சாவுக்கே திரும்பினார்கள். கை கொடுத்தது பயோவேர்தான். விளையாட்டை இயக்குகிற தங்கள் அடிப்படை மென்பொருளை, அதாவது எஞ்சினை, கொடுத்தார்கள், 2004இல் அமெரிக்கக் கண்காட்சியில் தங்கள் அரங்கிலேயே இடமும் ஒதுக்கினார்கள். சுமார் நூறு பேர், ஐந்து வருட உழைப்பு. 2007இல் தி விட்சர் வந்தது. போலிஷ் எழுத்தாளர் ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கியின் கதையுலகம். லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாகப் பணம் கொடு என்று அவர் உரிமையைக் கொடுத்தது தனிக்கதை, எழுத்தாளர்கள் தனியாக வந்து கேளுங்கள்.

2011இல் இரண்டாம் பாகம். அந்த மே மாதம் வார்சா வந்த அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்குப் போலந்துப் பிரதமர் டஸ்க் பரிசளித்தவற்றில் இந்த கேமும் ஒன்று. 2014இல் மறுபடி வந்தவர், எனக்கு வீடியோ கேம் அவ்வளவாக வராது என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். கவனித்தீர்களா, அவர் கூடத்தைக் குறை சொல்லவில்லை.

2015இல் மூன்றாம் பாகம். 2023க்குள் ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் ஒரு சின்னக் காட்சி. வெயில் கொளுத்தும் வயல், ஆளில்லாத கிராமம், பாழடைந்த கிணறு. நோயில் கிடக்கும் மகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று தவிக்கிறார் ஓர் அப்பா. கிணற்றடியை உச்சிப்பொழுதுப் பேய் ஒன்று காவல் காக்கிறது. போலிஷில் பொவுத்னிட்சா, நண்பகல்காரி. கதாநாயகன் கெரால்ட் கிணற்றுக்குள் குதித்து, செத்தவளின் கைவளையைத் தேடி எடுத்து, எலும்போடு சேர்த்து எரித்தால்தான் பேய் வெளிப்படும். இதை விளையாடிக்கொண்டிருந்தபோது எனக்கு என் ஆத்தாவின் குரல்தான் கேட்டது. "உச்சி வேளையில கிணத்துப் பக்கம் போகாத, முனி அடிச்சிரும்." அதே வெயில், அதே கிணறு. அவர்கள் தங்கள் பாட்டி சொன்னதை உலகத்துக்கு விற்றார்கள். பதினைந்து மொழிகளில் வந்தது, தமிழ் இல்லை. என் ஆத்தாவின் முனியை நான் ஆங்கில வரியில் படித்தேன்.

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவதை ஒரே மூச்சில் சொல்கிறேன். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற அடுத்த விளையாட்டு. மூன்று முறை தள்ளிப்போட்டும் அரைவேக்காடாகவே வந்தது. சோனி கம்பெனியின் பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியில் சரியாக ஓடவில்லை, ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. பழைய கன்சோல்களில், அதாவது அந்த மாதிரிக் கருவிகளில், ஓடவைக்கும் சிரமத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றார் இவின்ஸ்கி. கூடம் கொஞ்சம் கோணல்தான் என்றார், ஆனால் ஊழியர்களைக் குறை சொல்லாதீர்கள், முடிவெடுத்தது நிர்வாகம் என்றும் சொன்னார். பிறகு மூன்று வருடம் உட்கார்ந்து ஓட்டை அடைத்தார்கள். 2023இல் இழந்த நல்ல பெயர் திரும்பியது. விரிவாகச் சொல்லத்தான் ஆசை, பேராசிரியர் ஐயா எடுத்துக்கொண்ட நேரத்தைத் திருப்பித் தந்தால் சொல்வேன்.

வெளியே செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மனு: இங்கே விற்கிற கேம்களில் தமிழ் எழுத்தும் குரலும் வேண்டும், மொழிபெயர்த்தவர், பேசியவர் பெயர்களைக் கடைசியில் போட வேண்டும். கையெழுத்திடுங்கள். அடுத்த பக்கங்களில் கேம்களில் வருகிற நாற்பது சொல் எழுதியிருக்கிறேன். இன்வென்டரி, குவெஸ்ட், லூட் மாதிரி. எதிரே உங்களுக்குத் தோன்றும் தமிழை எழுதுங்கள். எதிரியை வீழ்த்தி அள்ளுகிற பொருளான "லூட்"டுக்கு வாட்ச்மேன் அண்ணன் காலையிலேயே "சுருட்டல்" என்று எழுதிவிட்டார். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு பேனா போய்விட்டது.

வணக்கம்.