தகரக் கூரையும் தம்பியின் அறையும்

அவைக்கு வணக்கம். பேய்வீட்டு நாவல் எழுத விரும்பும் வன்னி இளையோருக்காகவே இன்றைக்குப் பேசுகிறேன்.

முதலில் காணிப் பத்திரத்தை எழுதுங்கள். பேய் பிறகு வரட்டும். இந்த வகையின் முதல் நாவல் என்று கொள்ளப்படும், ஹொரஸ் வால்போல் 1764 இல் எழுதிய ஒட்றான்ரோக் கோட்டைக் கதையே ஒரு சொத்துப் பிணக்குத்தான். பாட்டன் உரியவருக்கு நஞ்சு கொடுத்துக் கோட்டையைப் பிடிக்கிறான். பேரனின் மகன் கலியாண நாளன்று இராட்சதத் தலைக்கவசம் ஒன்றின் கீழ் நசுங்கிச் சாகிறான்.

எங்களிடம் பெமிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, இருக்கிறது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, தனக்குப்பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளியை நியமிக்காமல் பெமிற்காரர் இறந்தால், நெடுங்காலமாக மகளுக்கு முன் மகனே வந்தான். இப்போது ஒரு வீட்டை நினையுங்கள். படுக்கையில் அம்மா. பார்ப்பது அக்கா. தம்பி 2009 இல் காணாமற்போனவன். மரணச் சான்றிதழுக்கு அம்மா ஒப்பமாட்டார்; ஆளைக் காணவில்லை என்பதற்கு 2016 இல் வந்த சான்றிதழையும் தொடமாட்டார். 'அவன் செத்திட்டான் எண்டு ஒரு கடதாசி வந்தால்' என்ற நினைப்பு அக்காவுக்கு ஒரேயொரு தடவை வரவேண்டும். பேய் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

அடுத்தது சத்தம். ஒன்று போதும். ஹில் ஹவுஸ் என்ற பேய் வீட்டைப் பற்றிய ஷேர்லி ஜக்சனின் 1959 ஆம் ஆண்டு நாவலில் எலினர் பதினொரு வருடம் தாயைப் பராமரித்தவள். தாய் இறந்த இரவு சுவரில் தட்டி அழைத்தும் அவள் போகவில்லை. பேய் வீட்டிலும் கேட்பது தட்டும் சத்தம்தான். வேறு எதுவும் அவளை அவ்வளவு உலுக்காது.

வன்னியில் அதற்குத் தகரக் கூரை இருக்கிறது. வெயிலில் விரிந்த தகரம் பொழுதுபட்டுக் குளிரும்போது சுருங்கி, ஆணி அடித்த இடங்களில் 'டக், டக்' என்னும். முதல் அத்தியாயத்திலேயே இதை வாசகருக்குப் பழக்கிவிடுங்கள், காரணத்தோடு. இரண்டு மூன்று இரவுகள் அது வெறும் தகரமாகவே இருக்கட்டும். பிறகு விடியப்புறம் மூன்று மணிக்கு, தகரம் பனியில் நனைந்து குளிர்ந்து கிடக்கும் நேரத்தில், தம்பியின் அறைக்கு மேலே மட்டும் அந்தச் சத்தம் கேட்கட்டும். அக்கா எழும்பிப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. படுக்கையில் அம்மா, "கதவைத் திற பிள்ளை" என்றால் போதும்.

வீட்டுப் படத்தைக் கடதாசியில் கீறி வைத்துக்கொள்ளுங்கள்: விறாந்தை, இரண்டு அறை, குசினி, கிணறு. குசினியிலிருந்து தம்பியின் அறைக்கு எத்தனை எட்டு என்பது கடைசிவரை மாறக்கூடாது. இது பிசகினால் வாசகர் பயப்படுவதை விட்டு வழி தேடத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். போரில் இறந்தவர்களைத் திடுக்கிட வைக்கும் உருவங்களாக இறக்காதீர்கள். அவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கலாம்.

முடிவில் வால்போல் கோட்டையை இடித்தார். எட்கர் அலன் போவும் 1839 இல் எழுதிய கதையில் அஷர் வீட்டைக் குளத்தில் அமிழ்த்தினார். இங்கே அது எடுபடாது; இடிந்த வீடு எங்களுக்குப் புதினமில்லை. வீடு நிற்கட்டும், புதுச் சுண்ணாம்போடு. காணி அக்காவின் பெயருக்கு மாறட்டும். அன்றிரவு அவள் தன் கையாலேயே மூன்றாவது கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கட்டும்.